வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: நண்பர்களோடு பழைய காரைச் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வண்டி 1965 மாடல், இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பெரியப்பா ஓட்டியது. அவர் காலத்துக்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஷெட்டில் ஐந்து நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, மூன்று வருடம் இரண்டு மாதத்தில் அதை ரோட்டில் இறக்கினோம். ஐவரில் ஒருவர்தான் தொழில் தெரிந்த மெக்கானிக். இப்போது வண்டியை எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் கூடிவிடுகிறார்கள். வீட்டில் இதே மாதிரி ஒரு வண்டி தூங்கிக்கொண்டிருக்கிறது என்று அதில் ஒருவராவது சொல்கிறார். கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், கேட்டவர்கள் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

இது என்ன வண்டி சார்? பழைய ஃபியட்டா?

இல்லை. அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் மூன்றாவதாக ஓடிய வண்டி இது, நம் சென்னையிலேயே செய்தது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரித்தார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி. பிற்பாடு நான்கு கதவு வைத்தும் செய்தார்கள். அந்த நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. அதற்கும் பிறகு வந்த மாடல் கெஸல்.

முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடி எஞ்சின் வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி இடம் இருந்தால் ஒரே வெட்டில் வண்டி திரும்பிவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் வாய் பிளப்பார்கள்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது அண்ணா. என்னால வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். பாதி வேலைக்குப் பொறுமையே போதும். துரு சுரண்டுவது, மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவது, எழுதி வைப்பது, பார்ட்ஸ் தேடி அலைவது, வண்டி வேலையில் நேரம் போவது இதில்தான். எங்களில் ஒருவர் வங்கி ஊழியர். திருப்புளி பிடித்தே பழக்கமில்லாதவர் இன்று எஞ்சினில் தீப்பொறி வரவைக்கும் பிளக், பாயின்ட் இரண்டின் இடைவெளியையும் அவரே வைக்கிறார்.

ஆனால் தொழில் தெரிந்த ஒருவராவது கூட இருந்தே ஆக வேண்டும். அவர் கை வைக்க வேண்டியதில்லை. ‘அதை இப்போ தொடாதே’ என்று சொன்னால் போதும்.

ஹெரால்ட் ஒண்ணு விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்கணும்?

எஞ்சினைப் பார்க்காதீர்கள், வண்டிக்கு அடியில் படுங்கள். ஹெரால்டில் சேஸிஸ், அதாவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டம், தனி; பாடி தனி. டிரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்த ஆலையை ஒரு போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், வேறு வேறு இடங்களில் செய்த துண்டுகளை ஒரு சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி இந்த வண்டியை அமைத்தார்கள். அந்தக் கட்டாயம் நமக்கு வரமாக அமைந்துவிட்டது. எந்தத் துண்டு கெட்டாலும் அதை மட்டும் கழற்றலாம்.

சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் துண்டுகள்தான் முதலில் துருப்பிடிக்கும். ஒரு திருப்புளியால் அங்கே குத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் நல்லது. பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் விலையைப் பாதியாக்குங்கள். டிக்கியின் தரை, ஓட்டுநர் கால் வைக்கும் இடம், பேட்டரித் தட்டு ஆகியவற்றையும் பாருங்கள். புது பெயிண்ட் பளபளத்தால் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்றால் பிரீமியர் பத்மினியோ அம்பாசிடரோ எடுங்கள். ஆனால் அவற்றில் பாடியே சேஸிஸ் என்பதால், துரு உள்ளே போயிருந்தால் அது வீட்டில் முடிகிற வேலை இல்லை.

ஆர்.சி. புத்தகம் தாத்தா பேர்ல இருக்கு. அவர் இப்ப இல்லை.

முதல் நட்டைக் கழற்றும் முன் இதை முடியுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும். கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். விலைக்கு வாங்கினால் படிவம் 29, 30. சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று தகட்டைத் துடைத்துப் படித்து, போட்டோ எடுத்து வையுங்கள். பிற்பாடு சேஸிஸுக்கு பெயிண்ட் அடிக்கும்போது அந்த எண் மேல் தடிமனாக அடித்து மூடிவிடாதீர்கள்.

தாளே இல்லாத வண்டியை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வாங்க வேண்டாம். வேலையெல்லாம் முடிந்து, ரோட்டில் இறக்க முடியாமல் ஷெட்டில் நிற்கும் வண்டியைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனசு கேட்காது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரு தொகை சொல்லுங்க.

உங்கள் வண்டியின் துருவைப் பார்க்காமல் தொகை சொன்னால் அது பொய். வேறு விதமாகச் சொல்கிறேன். டிங்கரிங் எனும் தகட்டு வேலை, பெயிண்ட் இரண்டும் சேர்ந்து எங்கள் செலவில் பாதியைத் தின்றன. அடுத்தது லேத் வேலையும் எஞ்சின் பாகங்களும். பிறகு குரோம், சீட், ரப்பர். சீட்டும் ரப்பரும் சின்னச் செலவு என்று நினைத்து ஏமாந்தோம். கண்ணாடியைச் சுற்றி ஓடும் பீடிங், கதவு ரப்பர், தரை விரிப்பு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

மாதம் ஒரு தொகை என்று வரையறுங்கள். அந்தத் தொகை தீர்ந்தால் அந்த மாதம் காசு கேட்காத வேலையை மட்டும் செய்யுங்கள். சுரண்டல் வேலைக்கு எப்போதும் பஞ்சம் வராது. கடன் வாங்கி இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

முதல் மாசம் எல்லாரும் வருவாங்க, அப்புறம் ஆளே இருக்காதுன்னு சொல்றாங்களே?

உண்மைதான், எங்களுக்கும் நடந்தது. கழற்றும்போது ஐந்து பேரும் வந்தார்கள். துரு சுரண்டும் நாலாவது மாதத்தில் நானும் மெக்கானிக் நண்பரும் மட்டும் இருந்தோம். கோபித்துக்கொண்டு பயனில்லை. அவரவர் வீட்டில் குழந்தை, வேலை, மாமியார் மருத்துவமனை என்று இருக்கும்.

வேலையைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் வருவதை நிறுத்தினோம். ஒருவருக்கு வயரிங், ஒருவருக்கு கார்புரேட்டரும் பெட்ரோல் லைனும், ஒருவருக்கு சீட்டும் உள் அலங்காரமும். அந்தப் பாகத்தை அவர் வீட்டுக்கே எடுத்துப் போகலாம். வங்கி நண்பர் கார்புரேட்டரைத் தன் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்தார். பெட்ரோல் போகும் சின்னத் துளைத் திருகான ஜெட் ஒவ்வொன்றையும் அவர் மகள் படம் வரைந்து எண் போட்டாள். அது அவருடைய கார்புரேட்டர் ஆன பிறகு அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

இன்னொன்று, நேரம். காலை ஏழு முதல் ஒன்று வரைதான். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், அம்மா கையால். ஒரு மணிக்கு மேல் யாரும் ஸ்பேனர் தொடக் கூடாது. பசியோடும் அவசரத்தோடும் செய்த வேலையை மறுவாரம் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

முதல்ல எதைக் கழற்றணும்?

ஒரு வாரம் எதையும் கழற்றாதீர்கள். சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு குழாய், ஒயர், போல்ட் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்பது வரை. பிறகு ஓர் இடத்தை மட்டும் கழற்றி, போல்ட்களை ஜிப் கவரில் போட்டு, உள்ளே ஒரு சீட்டு எழுதி வையுங்கள். கவர் மேல் மார்க்கரில் எழுதினால் எண்ணெய்ப் பட்டு அழிந்துபோகும். சீட்டில் பென்சிலில் எழுதுங்கள்.

இதில் நாங்கள் செய்த ஒரு தப்பு எங்களுக்கு இரண்டு மாதத்தை விழுங்கியது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில், போல்ட் வரும் இடங்களில் மெல்லிய துண்டுகள் வைத்திருப்பார்கள். ஓர் இடத்தில் ஒன்று, இன்னோர் இடத்தில் மூன்று. பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டோம். திரும்பப் பூட்டியபோது இடது கதவு மேலே உரசியது, கீழே விரல் நுழையும் இடைவெளி. அந்தத் துண்டுகள்தான் பாடியை மட்டப்படுத்துகின்றன, கதவின் இடைவெளியை முடிவு செய்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்றைக் கூட்டி, இரண்டைக் குறைத்து, கதவைச் சாத்திப் பார்த்து, மறுபடி போல்ட்டைத் தளர்த்தி என்று எட்டு ஞாயிறு போயிற்று. எந்த இடத்தில் எத்தனை என்று எழுதியிருந்தால் ஒரே காலையில் முடிந்திருக்கும்.

பாடியைத் தூக்க கிரேன் வேணுமா?

வேண்டாம், ஆள் வேண்டும். மேற்கூரை போல்ட்டில் தனியாக வந்துவிடும். பானெட் தனி. மீதிப் பாடி முன் பாதி, பின் பாதி என்று இரண்டாக, முன்சீட்டுக்கு அடியில் குறுக்கே போல்ட்டில் சேர்ந்திருக்கும். கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் எடுத்த பிறகு ஒவ்வொரு பாதியையும் நான்கைந்து பேர் சேர்ந்து தூக்கலாம். நாங்கள் அன்று தெருவில் கிரிக்கெட் ஆடிய மூன்று பையன்களையும் கூப்பிட்டுக்கொண்டோம்.

தரை அல்லது ஓரத் தகடு அரித்திருந்தால், தூக்கும் முன் கதவு திறப்பின் குறுக்கே இரும்புப் பட்டை வைத்துக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் பாடி வளைந்துவிடும். அப்புறம் மேலே சொன்ன இடைவெளித் துண்டுகளை வைத்தெல்லாம் அதைச் சரிசெய்ய முடியாது.

நல்ல ஸ்பேனர் செட் வச்சிருக்கேன். அது போதாதா?

அது மில்லிமீட்டர் செட்டாக இருக்கும். ஹெரால்ட் அங்குலக் கணக்கு வண்டி. 7/16, 1/2, 9/16 அளவுகள்தான் அதிகம் வரும். 7/16-க்கு 11 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஓரளவு பொருந்தும். 1/2-க்கு 13 போட்டால் கொஞ்சம் தளர்வு. 9/16-க்கு 14 நுழையாது, 15 போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். துருப்பிடித்த நட்டு ஒருமுறை மழுங்கிவிட்டால் அதைக் கழற்ற அரை நாள். ஒரு நல்ல அங்குல ரிங் ஸ்பேனர் செட் வாங்குங்கள். செலவிலேயே சிறந்த செலவு அதுதான்.

வீட்டுல எந்த வேலையைச் செய்யவே கூடாது?

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, உலுக்கிப் பார்த்த பிறகுதான் தலையை நுழைக்க வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக்கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பெட்ரோல் டேங்க் பக்கம் நெருப்பு கூடவே கூடாது. பல வருடம் காலியாகக் கிடந்த டேங்க்கூட உள்ளே ஆவி தங்கி வெடிக்கும். ஓட்டை இருந்தால் ரேடியேட்டர் பட்டறைக்காரர்களிடம் கொடுங்கள்.

பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டி எறியுங்கள். அந்தக் கால பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகமூடியோடு. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சேஸிஸ் வெல்டிங், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர், கிராங்க் தண்டைத் தேய்க்கும் கிரைண்டிங் எல்லாம் பட்டறை வேலை. அங்கே கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

எஞ்சின் ஜாம் ஆகிடுச்சு. தூக்கிட்டு மாருதி எஞ்சின் வச்சிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். எஞ்சினை மாற்றினால் போக்குவரத்து அலுவலக அனுமதி வேண்டும். கடைசியில் சொல்லப்போகும் வின்டேஜ் பதிவும் போய்விடும். அதைவிட, அந்த 948 எஞ்சின் போல எளிமையான எஞ்சின் அபூர்வம். ஒவ்வொரு பாகத்தையும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

ஜாம் என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டரில் துருவோடு ஒட்டியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். முரட்டுத்தனம் கூடாது. எங்கள் எஞ்சின் பதினோராவது நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. அன்று ஐந்து பேரும் சேர்ந்து கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தா எட்டிப் பார்த்தார். அசைந்தது என்பதற்காக அப்படியே ஓட்டிவிடவும் கூடாது. ஹெட்டைத் திறந்து, சிலிண்டரை அளந்து, தேவைப்பட்டால் ரீபோர் செய்யுங்கள்.

பார்ட்ஸ் எங்க கிடைக்கும்?

சென்னையில் முதலில் புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். பெயர் சொன்னால் தெரியாது என்பார்கள், கையில் வைத்தால் உள்ளேயிருந்து ஒன்று வரும். ஹெரால்டுக்கு முன் சென்னையில் வந்த ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் வண்டிகளிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதால் அவற்றின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது இங்கிலாந்து. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் வண்டிகள் ஹெரால்டின் அடித்தளத்தில் வந்தவை. அவற்றுக்கு இன்றும் புதிதாகப் பாகம் செய்கிறார்கள். சின்ன பாகங்களை அங்கிருந்து வரவழைக்கலாம். சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டயருக்குக் கவலை வேண்டாம். 13 அங்குலச் சக்கரம், இன்றைய ஆல்டோ கே10-க்கு வரும் 145/80 அளவே பொருந்துகிறது.

ஹெரால்ட்ல முன் சக்கரம் மடிஞ்சு விழும்னு பயமுறுத்துறாங்களே?

பயம் நியாயமானது, காரணம் எளிது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ் முனை, வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் மரையோடு இறங்கியிருக்கும். அதற்கு டிரன்னியன் என்று பெயர். நாம் ஸ்டீயரிங் திருப்பும்போது தண்டு அந்த மரையிலேயே சுழலும். அதற்குள் எப்போதும் எண்ணெய் இருக்க வேண்டும், அதுவும் 90 கியர் ஆயில். நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் எண்ணெய் விடும் வாயான நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைப் பிடிப்பார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாகப் போகாமல் காய்ந்து இறுகும், தண்ணீர் தங்கும், தண்டு துருப்பிடிக்கும், ஒருநாள் திருப்பத்தில் ஒடியும்.

எங்கள் வண்டியில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கட்டியாக இருந்தது. சுரண்டி எடுத்து, தண்டின் மரையில் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் மெல்லிய கோடு தெரிந்தது. இரண்டு பக்கமும் மாற்றிவிட்டோம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய கிரீஸ் கன் ஒன்றை நன்றாகக் கழுவி, கியர் ஆயில் நிரப்பி, அதற்கென்றே தனியாக வையுங்கள்.

பெயிண்டை நாங்களே அடிச்சுக்கலாமா?

சேஸிஸுக்கும் அடிப்பகுதிக்கும் பிரஷ்ஷால் துரு தடுக்கும் பிரைமரும் கறுப்பு பெயிண்டும் நீங்களே அடிக்கலாம். வெளிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். இன்றைய பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. துணி முகமூடிக்கு அது அடங்காது, மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் கெடுக்கும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் அறையும் உள்ள பட்டறையில் கொடுங்கள்.

பட்டி, தேய்ப்பு வேலைகளை நீங்களே செய்து கொடுத்தால் கூலி வெகுவாகக் குறையும். நிறம் மாற்றுவதென்றால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் பெரியப்பா காலத்து நிறம் அப்படியே இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தே கலந்து கொடுத்தார்.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் இந்த வண்டிக்கு ஒத்துக்குமா?

கவனித்தால் ஓடும். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். ஆகவே பெட்ரோல் ஹோஸ் அனைத்தும், பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் பேக்கிங் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையில் புதிதாக இருக்க வேண்டும். பழைய டேங்கின் அடியில் இருக்கும் துருவையும் கசடையும் அது பெயர்த்துக் கொண்டுவரும். ஆரம்பத்தில் ஒரு ஃபில்டர் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள். கலவை கொஞ்சம் மெலிந்துபோவதால் ஜெட்டை ஓர் அளவு கூட்ட வேண்டி வரலாம்.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் நின்றுபோனது. இந்த எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு சீட் அதிலேயே வெட்டியது. ஈயம் இல்லாமல் வேகமாக ஓட்டினால் சீட் மெல்ல மெல்லத் தேயும். எப்படியும் ஹெட் லேத்துக்குப் போகும்போது கடினச் சீட் வளையம் வைத்துவிடுங்கள். அதோடு அந்தக் கவலை தீர்ந்தது.

எல்லாம் பூட்டியாச்சு. முதல் ஸ்டார்ட் எப்படிப் பண்றது?

முதலில் பேட்டரியின் எந்த முனை எர்த் என்று பாருங்கள். அக்கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் புதிதாக வைத்த மின்னணுப் பொருள் எதுவும் தப்பாது.

புது ஆயில், 20டபிள்யூ-50, ஊற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால் எஞ்சின் லேசாகச் சுற்றும். ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு பிளக், இடைவெளி 0.025 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் 0.015 அங்குலம், அளவி இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு இறுக்கமாக நுழையும் அளவு, பழைய மெக்கானிக்குகள் அப்படித்தான் வைப்பார்கள். ஒயர் வரிசை 1, 3, 4, 2. எங்களுடையதில் 3-க்கும் 4-க்கும் ஒயர் மாறிப்போய், கார்புரேட்டர் வழியாக ‘பட்’ என்று நெருப்பு வந்தது. பக்கத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் வைத்திருந்தோம். நீங்களும் வையுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் தெருவுக்கு ஓடாதீர்கள். இந்த வண்டியில் பிரேக்குக்கு ஒரே ஒரு சர்க்யூட்தான். ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் கிட் எல்லாம் புதிது என்றாலும், பெடலை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து இறங்குகிறதா என்று பாருங்கள். கை பிரேக் தனியாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வளைவுல வேகமாப் போனா பின்பக்கம் தூக்குற மாதிரி இருக்கு. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, பின் ஆக்ஸிலின் அமைப்பே அப்படி. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஊசலாடும் ஆக்ஸில், மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமாக வளைவில் நுழைந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பகுதி உயர்ந்து, வெளிச்சக்கரம் உள்ளே மடியும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி போங்கள். கெஸலில் இதை மாற்றி ஒரே ஆக்ஸிலாகச் செய்துவிட்டார்கள்.

பதினஞ்சு வருஷம் ஆன வண்டியை உடைச்சிடுவாங்களாமே? வின்டேஜ் நம்பர் வாங்கணுமா?

வயதை மட்டும் வைத்துப் பெட்ரோல் காரை ஓரங்கட்டும் 15 வருடக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு முதல் 15 வருடத்துக்குப் பிறகு, தகுதி பார்த்து ஐந்து ஐந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று தனி.

வின்டேஜ் பதிவு 2021 ஜூலையில் வந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத சொந்த உபயோக வண்டிக்கு மட்டும். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 வருடம் செல்லும். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. எங்களுக்கு ஞாயிறு காலை வண்டியில் இட்லி சாப்பிடப் போக வேண்டும். ஆகவே பழைய எண்ணிலேயே சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டோம். உங்கள் பழைய ஆர்.சி. பல வருடம் முன்பே காலாவதியாகியிருந்தால், அபராதம் எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அஞ்சு பேர் உழைச்சீங்க. இப்ப வண்டி யாரோடது?

சட்டப்படி ஆர்.சி.யில் யார் பெயரோ அவருடையது, அதாவது என்னுடையது. விபத்து நடந்தாலும் பொறுப்பு என்னுடையதுதான். அதனால் காப்பீடு இல்லாமல், ஓட்டுநர் உரிமம் இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை, நண்பனின் மகனாக இருந்தாலும்.

பணத்தைப் பொறுத்தவரை முதல் நாளே ஒரு கணக்கு நோட்டுப் போட்டோம். பாகத்துக்கும் பட்டறைக்கும் ஆன செலவு முழுக்க என்னுடையது; நண்பர்கள் தந்தது உழைப்பு மட்டும். ஒருவர் ரேடியேட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வாங்க மறுத்தார். நோட்டில் எழுதி, அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்தேன். எழுதாத கணக்குதான் நண்பர்களைப் பிரிக்கும் என்று பெரியப்பாவே சொல்வார். வண்டியை எப்போதாவது விற்க நேர்ந்தால் முதலில் அந்த நான்கு பேரிடம்தான் கேட்க வேண்டும், விலையில் அவர்கள் உழைப்புக்கான பங்கைப் பிரிக்க வேண்டும் என்று அதே நோட்டில் ஒரு பக்கம் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நோட்டு டேஷ்போர்டு அறையில்தான் இருக்கிறது. சாவி எங்கள் வீட்டுக் கூடத்து ஆணியில் தொங்குகிறது. யார் எடுத்துப் போனாலும் பெட்ரோல் போட்டு, டிரன்னியனுக்கு ஆயில் அடித்த தேதியைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.